எடை மேசையில் நான் சொல்லாத நானூறு கிராம்

மாவட்டக் கபடிப் போட்டிகளுக்கு இந்த வருடம் புது எடைக் கருவி வந்திருக்கிறது. வீரர் ஏறி நின்றால், எண் பெரிய பலகையில் எல்லோருக்கும் தெரிகிறது. எதிர் அணிக்காரர்களும் பார்க்கலாம், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பார்க்கலாம். மேசைக்குப் பின்னால் ஒருவர் குனிந்து பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டியதில்லை. அந்த ஒருவனாக இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கண் மங்கிவிட்டதால் போன வருடத்தோடு விட்டுவிட்டேன்.

நடுவர்களுக்கான பயிற்சி முகாமில் என் அனுபவத்தைப் பேசச் சொல்லி இளம் நடுவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்றேன். நல்ல அனுபவமாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எழுதப்போவது நல்ல அனுபவம் இல்லை. இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் எதுவுமே எழுதாதது மாதிரிதான்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். திருவண்ணாமலையில் ஒரு நெல் மண்டியில் மூட்டை எடை போடுவதுதான் பிழைப்பு. உடற்பயிற்சி ஆசிரியரும் தலைமை நடுவருமான சம்பந்தம் சார் ஒருநாள் மண்டிக்கு வந்து, தராசு தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி என்னைக் கைகாட்டினார். இரண்டு வருடம் தராசைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். மூன்றாம் வருடம் மேசையில் உட்காரச் சொன்னார். என் பயிற்சி அவ்வளவுதான்.

எடை மேசையின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். அறுபத்தைந்து கிலோ பிரிவு என்றால் அதற்கு மேல் ஐம்பது கிராம் இருந்தாலும் ஆட முடியாது. வீரர் கால்சட்டையோடு மட்டும் வர வேண்டும். முதலில் விரல்களை நீட்டச் சொல்லி நகம் பார்க்க வேண்டும். நீளமாக இருந்தால் அங்கேயே வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு தோளில் கை வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவியிருந்தால் பிடிக்கிறவனுக்கு வழுக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தராசில் ஏற்றுவோம். அசையாமல் நிற்கச் சொல்லி, எண் நின்ற பிறகு சத்தமாகப் படித்து, புத்தகத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் இறங்கியதும் தராசு பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். அது வராமல் அடுத்த ஆளை ஏற்றக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில் சம்பந்தம் சார் மிகவும் கறாரானவர். அவர் யாரையும் அதட்டியதில்லை. மேசைக்குப் பின்னால் வந்து நின்று, "ஜீரோ பார்த்தியா?" என்று மெதுவாகக் கேட்பார். பார்த்தேன் சார் என்றால் போய்விடுவார். தப்புச் செய்தவரை அவர் திட்டவும் மாட்டார். அந்த ஆளின் கையிலிருக்கும் பேனாவை மெல்ல உருவிக்கொண்டு, தானே உட்கார்ந்து மிச்ச வேலையைச் செய்வார். பேனா போனவர் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒருமுறை ஒரு புள்ளிப் பதிவாளருக்கு அப்படி நடந்தது. அவர் அதற்குப் பிறகு மைதானப் பக்கமே வரவில்லை. நான் இயல்பிலேயே கூச்சப்படுகிறவன். அப்படி நிற்கிற நிலை எனக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த வேலையில் எனக்கிருந்த ஒரே பயம்.

நான் சொல்ல வந்தது நடந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கிரிவலப் பாதை ஓரத்தில் ஒரு மைதானம், நல்ல கோடை. அறுபத்தைந்து கிலோ பிரிவின் இறுதி ஆட்டம். ஒருபக்கம் வேங்கிக்கால் அணி, மறுபக்கம் அடி அண்ணாமலை அணி. இரண்டும் வருடக்கணக்காக மோதிக்கொள்கிற அணிகள். வேங்கிக்கால் கேப்டன் தரணேந்திரன், பிடிப்பதில் கெட்டிக்காரன். அடி அண்ணாமலையின் ஏழுமலை, பாடிப் போவதில் கெட்டிக்காரன். தரணேந்திரன் ஜைனக் குடும்பத்துப் பையன். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டான். அதனால் அவர்கள் இரண்டு அணியும் ஆடுகிற நாளில், ஆட்டத்தைச் சீக்கிரம் வைக்கச் சொல்லி ஏழுமலைதான் வந்து கேட்பான். "அவன் பட்டினியா படுத்தா நாளைக்கி என்னைத் திட்டுவான் சார்" என்பான். மைதானத்தில் இருவரும் ஒருவரையொருவர் பேசாத பேச்சில்லை. வெளியில் இப்படி.

அன்றைய ஆட்டத்தைப் பார்க்க ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். ஏழுமலையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்துவிட்டால் வேலை. ஏழுமலைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அடுத்த வருடம் என்றால் வயது தாண்டிவிடும்.

ஆட்டம் மூன்று மணிக்கு. எடை மேசை ஒன்றரை மணிக்கு மூடும். அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து ஏறலாம், அது விதி.

வெயிலில் தராசின் இரும்புத் தட்டு கொதித்தது. வெறுங்காலோடு ஏறிய பையன்கள் துள்ளினார்கள். அதனால் ஒரு சாக்கை மடித்துத் தட்டின் மேல் போட்டு, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் வைத்தேன். அதுவரை சரி. கொஞ்ச நேரத்தில் சாக்கும் சுட்டது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சாக்கின் மேல் தெளித்தேன். பையன்கள், "சூப்பர் ண்ணா" என்றார்கள். வரிசை நீளமாக இருந்தது. நான் பூஜ்யம் பார்க்கவில்லை.

மண்டியில் ஈரச் சாக்கு வந்தால் அதற்குத் தனியாக எடை கழிப்பவன் நான். ஒரு நாளைக்கு இருபது தடவை அதைச் செய்கிறவன். ஆனால் அங்கே மூட்டை சாக்குக்குள் இருக்கும். இங்கே ஆள் சாக்கின் மேல் நின்றான். எனக்கு அது மனதில் படவே இல்லை.

ஏழுமலை கடைசியாக ஏறினான். அப்போது மணி பன்னிரண்டரை.

"அறுபத்தஞ்சு கிலோ முந்நூறு" என்று படித்தேன்.

"இன்னாண்ணா சொல்றே?" ஏழுமலை முகம் வெளுத்துவிட்டது. "காலையில பார்த்தேன். அறுபத்தஞ்சுக்குள்ளதான் இருந்தேன்."

"எங்கடா பார்த்தே?" என்றான் பின்னால் நின்ற வேங்கிக்கால் பையன் ஒருவன்.

"பழைய பேப்பர் கடையில."

"பழைய பேப்பர் கடைத் தராசு கம்மியாத்தாண்டா காட்டும்! உன்னைக் கிலோ பத்து ரூபான்னு எடுத்துக்கலாம்னு பார்த்திருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. "நைட்டு எங்க மாமா வீட்டு விசேஷம். ரெண்டு வாய் ஜாஸ்தி தின்னுட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தராசைவிட்டு இறங்கினான்.

தரணேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "முந்நூறு கிராம்தானேடா? ஒரு மணி நேரம் இருக்குது. வா, ஓடலாம்."

அவன் அணிப் பையன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். "கேப்டன், உனுக்கு இன்னா பைத்தியமா? அவன் இல்லைன்னா கப்பு நம்மளுது."

"அவன் இல்லாம ஜெயிச்சிட்டு வீட்டுக்குப் போனா எங்கப்பாவே கதவைத் திறக்க மாட்டாரு. போடா." தன் சட்டையையும் கழற்றி ஏழுமலையிடம் கொடுத்தான். "இதையும் மேல போட்டுக்கோ. அப்பதான் வேர்க்கும். தண்ணி குடிக்காத, வாயைக் கொப்புளிச்சுத் துப்பு."

உச்சி வெயிலில் தார் ரோட்டில் இருவரும் ஓடினார்கள். ஒருவன் இரண்டு சட்டையோடு, இன்னொருவன் வெற்று மார்போடு.

அவர்கள் போன பிறகுதான் நான் தராசைப் பார்த்தேன். யாரும் நிற்காத தராசு நானூறு கிராம் காட்டியது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு சாக்கைத் தொட்டேன், ஈரம். ஏழுமலையின் உண்மையான எடை அறுபத்து நாலு கிலோ தொள்ளாயிரம். அவன் ஓட வேண்டியதே இல்லை.

அப்போதே கத்தியிருக்கலாம். ஒரு பைக்கை அனுப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் இருவரையும் திரும்பக் கூட்டி வந்திருப்பார்கள். சம்பந்தம் சார் இருபதடி தள்ளிக் கோடு போடுகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். சுற்றிலும் நின்ற இரண்டு ஊர்ப் பையன்களையும் பார்த்தேன். பிறகு சாக்கை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, பொத்தானை அழுத்தினேன். ஓடினால் நல்லதுதான், உடம்பு சூடாகும், எப்படியும் எடைக்குள் வந்துவிடுவான், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தார்கள். ஏழுமலையின் உதடு வெள்ளையாக இருந்தது. ஏறினான். தட்டு சுட்டிருக்கும், அவன் அசையவில்லை.

"அறுபத்து நாலு கிலோ நூறு."

இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். தரணேந்திரன் மூச்சு வாங்கிக்கொண்டே, "டேய், ஒரு கிலோவுக்கு மேலயா? உருக்கியே எடுத்துட்டேன் போலக்குதே!" என்று சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "டைம் இருக்குன்னு பொறுமையா உக்காந்திருந்தீங்க ண்ணா, ரொம்ப தேங்க்ஸ்" என்றான். நான் புத்தகத்தைத் திருப்பிக் கையெழுத்து வாங்கினேன்.

சம்பந்தம் சார் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். "முக்கால் மணி நேரத்துல ஒரு கிலோ இருநூறா?" என்றார். இரண்டு எண்களிலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "ஜீரோ பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் சார்."

பார்த்தது உண்மைதான். எப்போது பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆட்டத்தின் இரண்டாம் பாதி. அடி அண்ணாமலை ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஏழுமலை பாடிக்கொண்டு வேங்கிக்கால் பக்கம் போனான். மூலையில் நின்றவனைத் தொடக் காலை நீட்டினான். நீட்டிய கால் அப்படியே நின்றுவிட்டது. கெண்டைக்கால் சதை சுருண்டு, எதிர் அணியின் நடுவில் விழுந்தான். வாயில் பாட்டு நின்றுபோய், அலறல் வந்தது. பாட்டு நின்றாலே அவன் அவுட். ஆனால் பிடிக்கிறவர்களுக்கு அதெல்லாம் ஓடாது. நான்கு பேர் அவன் மேல் பாய நெருங்கிவிட்டார்கள்.

"தொடாத! எவனும் தொடாத!" என்று தரணேந்திரன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றான். விசில் வருவதற்குள் தானே உட்கார்ந்து ஏழுமலையின் பாதத்தைப் பிடித்து மடக்கினான். அவன் அணிக்காரர்கள் இரண்டு பேர் ஏழுமலையின் தலையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு நிமிடம் முன்னால் அவனைப் பழைய பேப்பர் என்று கத்தி வம்பிழுத்த பையன்தான் துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான்.

கால் விடவில்லை. கையும் இழுக்கத் தொடங்கியது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். அவன் இல்லாமல் ஆட்டம் தொடர்ந்தது. வேங்கிக்கால் ஜெயித்தது. ஆள் எடுக்க வந்தவர் தரணேந்திரன் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் சம்பந்தம் சார் என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். கையில் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். போனால், கட்டிலில் ஏழுமலைக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரணேந்திரன், இன்னும் மண் ஒட்டிய கால்சட்டையோடு. கட்டில் மேல் கப்பு இருந்தது.

"எடுத்துட்டுப் போடா இதை. பார்க்கவே எரியுது" என்றான் ஏழுமலை.

"பாதி உனுது."

"எந்தப் பாதி? காதா?" என்றான் ஏழுமலை. "சரி, போய் அதுல தண்ணியாவது புடிச்சாந்து குடு. உன் பேச்சைக் கேட்டுத்தான் மத்தியானம் குடிக்கல."

தரணேந்திரனின் முகம் மாறியது. "ஆமாண்டா. நான்தான் உன்னை ஜாஸ்தி ஓட வெச்சிட்டேன். முந்நூறு கிராமுக்கு அரை மணி நேரம் போதும். நான்தான் இன்னும் ஒரு ரவுண்டுனு இழுத்துட்டுப் போனேன்."

"நீ இன்னாடா பண்ணுவே? நான் ரெண்டு வாய் கம்மியா தின்னிருந்தா இதெல்லாம் எதுக்கு?"

இருவரும் மாறி மாறித் தன் தப்பு, தன் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் நின்றேன். அந்த அறையில் சம்பந்தம் சார் இல்லை. பேனாவை உருவ யாரும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. அப்படியென்றால் என் பயம் பேனாவைப் பற்றியது மட்டும் இல்லை. பழத்தை வைத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் செய்தது தப்பு. இதை என்ன சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தரணேந்திரன் அந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்குப் போனான். ஏழுமலை அடுத்த பருவம் ஆடினான். முன்போல இல்லை, ஒவ்வொரு தடவை காலை நீட்டும்போதும் யோசித்தான். பிறகு விட்டுவிட்டு, அடி அண்ணாமலையில் பாதை ஓரமாக இளநீர்க் கடை போட்டான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தரணேந்திரன் லீவு போட்டு வந்து அந்தக் கடையில் இளநீர் சீவுவான் என்று கேள்விப்பட்டேன். சம்பந்தம் சார் நாலு வருடம் முன்னால் தவறிவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிட்டது. நான் அந்த மேசையில் மேலும் பதினோரு வருடம் உட்கார்ந்து, நேர்மையான ஆள் என்று பெயர் வாங்கினேன். இரண்டு தடவை சால்வை போட்டார்கள்.

இதை எழுத ஒப்புக்கொண்ட பிறகு, அவர்களுக்குத் தெரியாமல் மேடையில் படிக்க விடுவது இன்னொரு தப்பு என்று தோன்றியது. போன வாரம், பௌர்ணமி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து ஏழுமலையின் கடைக்குப் போனேன்.

"வாங்க ண்ணா! கண்ணு இன்னா சொல்லுது?" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, தண்ணீர், யாரும் நிற்காத தராசு காட்டிய நானூறு கிராம், மருத்துவமனையில் பழப் பையோடு நின்றது, எல்லாம்.

ஏழுமலை கையிலிருந்த இளநீரைச் சீவாமல் கீழே வைத்தான். "அப்ப நான் எடைக்குள்ளதான் இருந்தேனா?"

"இருந்தேப்பா."

"எவ்ளோ?"

"அறுபத்து நாலு தொள்ளாயிரம்."

அவன் கத்தியை எடுத்து ஓரமாக வைத்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். அணிக்காரர்களைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன். அடி வாங்கவும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தரணி, டூட்டியிலயா? ஓரமா வா. டேய், உன்னால இல்லடா. நீ ஓட வெச்சதால இல்ல. இரு, சொல்ற ஆளே இங்க நிக்கிறாரு." போனை என்னிடம் நீட்டினான். "நீங்களே சொல்லுங்க ண்ணா. நான் எத்தினியோ தடவை சொல்லிட்டேன், தேத்தறதுக்குச் சொல்றேன்னு நினைக்கிறான். அந்த வேலையில சேர்ந்த நாள்ல இருந்து உனுதை எடுத்துக்கிட்டேன், உனுதை எடுத்துக்கிட்டேன்னு பொலம்பறான்."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"அவன் இன்னா பண்றான் ண்ணா?" என்று கேட்டான் தரணேந்திரன்.

"நிக்கிறாம்ப்பா."

"உக்கார வெச்சுத் தண்ணி குடுங்க. போனை அவன்கிட்டக் குடுங்க."

கொடுத்தேன். "ஏழுமலை, என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "இருங்க ண்ணா, பேசிட்டிருக்கேன் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். என்னைத் திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் எழுந்து ரோட்டுக்கு வந்தபோது, ஏழுமலை கடை முன்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், நான் முழு தெம்போட வந்திருந்தா நீ என்னைப் புடிச்சிருப்பியா? சும்மா கதை விடாத. அந்தக் கப்பு எங்களுதுடா!"